மூன்று முறை காப்பாற்றப்பட்ட மீன்

காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் படகுக்கார மாமா அந்த மீனைக் காப்பாற்றிவிட்டார். சிறுமி குருவிக்கு அழுகையே வந்துவிட்டது.

குருவியின் அம்மா மீன்களை ஆராய்பவர். துறைமுகத்துக்குள் ஒரு சூரியமீன் வந்திருந்தது. பாதி உடம்போடு நறுக்கிவிட்டது போல, வாலே இல்லாத பெரிய வட்டத் தட்டு! அதன் பின் ஓரம் அலை அலையாக இருந்தால் சாதாரணச் சூரியமீன். வழுவழுப்பாக, நடுவில் மட்டும் ஒரு மடிப்போடு இருந்தால், தனி இனம் என்றே தெரியாமல் பல காலம் ஒளிந்திருந்த அபூர்வ மீன்.

அம்மாவுக்கு இன்று கல்லூரியில் வகுப்பு. கேமராவைக் குருவியிடம் கொடுத்திருந்தார்.

"பின் ஓரம் தெளிவா தெரியணும். உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். கரையோரம் நின்று குருவி கேமராவைத் தூக்குவாள். உடனே மாமா, "ஐயோ பாவம், சாகுது!" என்று படகிலிருந்து துடுப்பால் தள்ளுவார். மீன் முங்கிவிடும்.

"மாமா! அது சாகல. வெயில் காயுது!"

"மீன் வெயில் காயுமா? யார்கிட்ட கதை விடுற?"

"ஆழத்துல ஒரே குளிர் மாமா. அங்க போய் இரை தின்னுட்டு, உடம்பு சூடாக மேல வந்து படுக்குது."

"அப்போ பறவைங்க ஏன் கொத்துது?"

"உடம்புல ஒட்டியிருக்கிற பூச்சியைக் கொத்தி எடுக்குதுங்க. அந்தப் பறவைங்களையும் நீங்கதான் விரட்டிட்டீங்க!"

மாமாவின் முகம் வாடியது. "நல்லது செய்யலாம்னு பாத்தேன்..."

துடுப்பைக் கீழே வைத்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடந்தது.

குருவியின் கோபம் பாதி கரைந்தது. சரி, இவ்வளவு இரக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"மாமா, எனக்கு ஒரு காவல்காரர் வேணும். யாரும் அந்த மீனைக் காப்பாத்திடாம பாத்துக்கணும்."

மாமா நிமிர்ந்தார்.

சற்று நேரத்தில் மீன் மறுபடி மேலே வந்தது. கரையில் போன இரண்டு பேர் ஓடி வந்து துடுப்பில் கை வைத்தார்கள். "ஐயோ, மீன் சாகுது! தள்ளி விடுங்க!"

"கைய எடுங்க! அது வெயில் காயுது. இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டினார் மாமா.

குருவி படம் எடுத்தாள். வழுவழுப்பான ஓரம். நடுவில் ஒரே ஒரு மடிப்பு. ஒளிந்திருந்த மீனேதான்!

சூடேறிய மீன் மெல்லப் புரண்டு, ஆழத்துக்குள் போய் மறைந்தது.

"பாத்தியா குருவி," மாமா சலித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். "சோறு தண்ணி இல்லாம காவல் காத்தேன். போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லிச்சா?"