ஸ்கூபா சான்றிதழுக்கு ஈடு

“எந்த நினைவைக் கழிக்கட்டும்?” என்று தூத்துக்குடி சான்றிதழ் நிலையத்து எந்திர எழுத்தர் கேட்டது. சில்லறை இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்பாரே, அதே குரல்.

ரெஜினாளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து படிக்கிற பழக்கம் ஒழிந்து நூறு வருஷம் ஆயிற்று. இப்போதெல்லாம் காதுக்குப் பின்னால் பதித்த திறன்வில்லை வழியாக வித்தையை நேராக மூளைக்குள் ஏற்றிவிடுவார்கள். மூளையில் இடம் கொஞ்சம்தான். புதிது ஏற வேண்டுமென்றால் அதே எடைக்குப் பழைய நினைவு இறங்க வேண்டும். கழித்தது இன்னதென்று சான்றிதழின் அடியில் ‘ஈடு’ என்று அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஈடு பெரிதென்றால் பெருமையும் பெரிது. சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்வார்கள்.

அவளுக்கு அந்தப் பெருமையெல்லாம் வேண்டாம். மகள் ஜெனோவா கடலடிக் குடியிருப்பான ஆழிநகரில் பொறியாளர், நிறைமாதம். மருமகனோ தூரத்து ஆழ்சுரங்க வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். நாலு மாதமாக மகளிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. பதவி உயர்வுக்கு ஏதோ சான்றிதழ் வாங்கப்போவதாகச் சொன்னதுதான் கடைசி. வேலை மும்முரமாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாலும் பெற்ற மனம் கேட்குமா? பிரசவ நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டாமா? ஸ்கூபா சான்றிதழ் இல்லாதவரை ஆழிநகருக்குள் விடமாட்டார்கள்.

அக்கம்பக்கத்துச் சண்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடை போதாது என்றது எழுத்தர். மகளின் குழந்தைப் பருவத்தைக் கொடுத்தால் போதும், மிச்சம்கூட வரும் என்று யோசனை வேறு சொன்னது. ரெஜினாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அதத் தொட்ட, தொலைச்சுப்புடுவேன். என் சின்ன வயச எடுத்துக்க. பதினெட்டு வரைக்கும் மொத்தமா.”

எடுத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் அவளுக்குக் காற்று உருளையை முதுகில் மாட்டவும், காதடைப்பை எடுக்கவும், பதறாமல் மூச்சுவிடவும் தெரிந்திருந்தது. பிறந்த ஊர் எதுவென்று தெரியவில்லை. போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை முப்பது மீட்டர் இறங்கி, ஆழிநகரில் மகள் வீட்டு மணியை அடித்தாள். ஜெனோவாதான் திறந்தாள். அந்த வயிற்றைப் பார்த்ததும் ரெஜினாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“யாரப் பாக்க வந்தீங்க, ஆன்ட்டி?”

மகளுக்குப் பின்னால் சுவரில் ஐந்து சட்டங்கள். புதியதற்குத் தங்க விளிம்பு. ‘ஆழ்நீர்ப் பொறியியல், முதல் வகுப்பு. ஈடு: தாய்.’

ரெஜினாள் அதை இரண்டு தடவை படித்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனோவா கைத்தாங்கலாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பிள்ளை, அந்தக் குணம் மாறவில்லை.

“பேறுகாலத்துக்குத் துணையா இருக்கலாம்னு வந்தேம்மா. பொறவு பிள்ளையையும் பாத்துக்கிடுதேன்.”

ஜெனோவாவின் முகம் மலர்ந்தது. தனியாக எப்படிச் சமாளிக்கப்போகிறோமோ என்று பயந்துகிடந்ததாகச் சொன்னாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தவள்போல், மரியாதையாகவே கேட்டாள்.

“பிள்ளை வளர்க்கதுக்குச் சான்றிதழ் வச்சிருக்கீங்களா, ஆன்ட்டி?”