வெளியே வைத்த பவர் சப்ளை

புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய வரிசை வீடு அது. நான் கல்யாணமாகி வந்தபோது சுவரில் மாலை போட்ட படத்தில் ராகினி தலை நிறைய மல்லிகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். என் கணவரின் முதல் மனைவி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். படத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவளோடு எனக்கென்ன சண்டை?

என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அவளுடைய கம்ப்யூட்டர்தான்.

அவருக்கு மலாக்கா டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. ராகினியின் சின்ன மேஜையில் அடங்க வேண்டும் என்று ஒரு குட்டிப் பெட்டிக்குள் மெஷினைப் பொருத்திக் கொடுத்திருந்தார். பவர் சப்ளை அதற்குள் போகவில்லை. வீட்டுக் கரண்டை வாங்கி மெஷினுக்குக் கொடுக்கிற அந்தத் தகர டப்பா வெளியே, மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அதன் வயர்கள் பெட்டியின் முதுகு ஓட்டை வழியே உள்ளே போயின.

மெஷினைப் போட்டால் டப்பாவின் காற்றாடி முனகும். சூடான தூசி வாடை வரும். அதோடு மல்லிகை வாடையும் வரும்.

வீட்டில் பூவே இல்லாத நாளிலும் வரும்.

"என்னங்க, இந்த டப்பாவ கீழ வச்சா என்னலா?"

"வேணாம் பவானி. ராகினி வச்ச எடம். அங்கயே இருக்கட்டும்."

அவர் அதைத் துடைக்கிற பக்குவத்தைப் பார்க்க வேண்டுமே! என் கன்னத்தைக்கூட ஒரு நாளும் அப்படித் தொட்டதில்லை. ஆமாம், எனக்குப் பொறாமைதான். பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்த வீட்டுக்கு மனைவியாக வந்தேனா, வாடகைக்கு வந்தேனா?

ஆயுத பூஜை வந்தது. அன்று காலையிலேயே அவர் மெஷினைக் கழற்றித் துடைத்தார். வயர்களை உருவி, டப்பாவைத் தனியாகப் பேப்பர்மேல் வைத்தார். சாயங்காலம் பூ வாங்கக் கிளம்பினார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிரு பவானி. ஒண்ணையும் விட்டுடாத."

சொல்லும்போது அவர் கண் எங்கே போனது என்று பார்த்தேன். வேறு எங்கே போகும்?

சந்தனம் குழைத்தேன். தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்க்ரூடிரைவர், குட்டிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். டப்பாவுக்கு மட்டும் வைக்கவில்லை.

"ஒனக்கு எதுக்குடி பொட்டு? இந்த வீட்ல பொட்டு வச்சவ நான்தான்."

அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் வைத்தேன். பின்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தபோது மனசு குளிர்ந்துபோனது. விளக்குக்குத் திரி போட உட்கார்ந்தேன். வெளியே மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது.

ம்ம்ம்ம்.

பின்பக்கத்திலிருந்துதான்.

பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் காலையிலேயே கழற்றியதாயிற்றே! தாழை நீக்கிக்கொண்டு வெளியே போனேன்.

கல்லின்மேல் டப்பா இருந்தது. அதன் பிளக் லோங்காங் சாக்கடைத் தண்ணீருக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மல்லிகை வாடை மூச்சை அடைத்தது. குனிந்து பார்த்தேன். தகரத்தின்மேல் ஈரம் காயாத சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

கை தானாக என் நெற்றிக்குப் போனது.

அங்கே ஒன்றுமில்லை.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழுந்தது.

வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "என்னங்க!" என்று கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது அந்த முனகல்தான்.

ம்ம்ம்ம்.

"பவானி, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிட்டியா?" உள்ளே அவர் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

"வச்சிட்டேங்க. ஒண்ணையும் விடல."

என் குரல். உள்ளேயிருந்து, சாட்சாத் என் குரல்.

அவர் சிரித்தார். பூப்பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது.

"இப்படித் திரும்பு. நானே வச்சு விடுறேன்."

கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். சத்தமே வரவில்லை. பயத்தைவிட வயிறுதான் எரிந்தது.

எனக்கு ஒரு நாளும் அவர் பூ வைத்துவிட்டதில்லை.