படகுக்காரரிடம் பதினொரு முறை

டப்பென்று எல்லாம் அணைந்தது.

அவளுடைய கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போனது. காலையிலிருந்து செய்த வேலை... சேமிக்கவே இல்லை! கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில், தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசியோடு ஒருவன் டைல்ஸ் வெட்டும் மிஷினைப் பிடித்தபடி நின்றான்.

“யாரைக் கேட்டு இந்த பிளக்ல சொருகினீங்க? இது என் வீட்டு லைன்!”

“தெரியாதுங்க... ஃபியூஸ் போயிடுச்சா?”

“ஃபியூஸ் மட்டுமா? என் அரை நாளே போச்சு!”

அவன் நிமிர்ந்தான். தூசி படிந்த இமைகளுக்கு நடுவே இரண்டு கண்கள்... மழை கழுவிவிட்ட ஜன்னல் மாதிரி. திட்ட வைத்திருந்த மீதியை அவள் மறந்துபோனாள்.

ஃபியூஸைப் போட்டுக்கொண்டே கேட்டான். “அப்படி என்ன வேலைங்க?”

“கேம் செய்றேன். தீவு, வீடு, ஆளுங்க எல்லாம் இருக்கு. ஆனா எல்லாரும் சும்மா நிக்கிறாங்க.”

“எங்க சித்தப்பா மாதிரியா?”

டைல்ஸ் வேலை நடந்த பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. “டேய், காது கேக்குது!”

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் தனியாக இரண்டு வருடம். சிரித்த ஞாபகமே இல்லை. நாளெல்லாம் கேட்பது கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம். போனில் அம்மா, “சாப்பிட்டியா?” என்பாள். அதோடு சரி.

இப்போது அந்தத் தீவின் ஆட்களை வேலை சொல்ல வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கென்றே யாரோ எழுதி வைத்த ஒரு துணை நிரல், ஒரு பிளகின், கிடைத்தது. அதைக் கேமில் சேர்த்துவிட்டால் போதும். தீவில் ஒருவர் ஒரு வேலை சொல்வார், விளையாடுகிறவர் முடித்தால் டிக் விழும்.

“அரை நாளுக்குப் பதிலா, மத்தியானத்துல வந்து நான் விளையாடிப் பாக்கட்டுங்களா?” என்றான்.

மூன்று நாள் வந்தான். முகம் கழுவிக்கொண்டு வருவான். நாற்காலியில் பேப்பரை விரித்து, அதில் ஒரு தலைப்பை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, அதன் மேல்தான் உட்காருவான். முதல் வேலை சுலபம்... ஆலைக்குப் பின்னால் மூன்று பலகை எடுத்து வரும்படி படகுக்காரர் கேட்பார். அதையே அவன் முடிக்கவில்லை. கரையில் மேலும் கீழும் நடந்தான்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

வெள்ளிக்கிழமை எழுந்தபோது சொன்னான். “நாளையோட இங்க வேலை முடியுதுங்க. அடுத்தது வேற ஊரு.”

அவளுக்குச் சுருக்கென்றது. வலியைக் கோபமாக்கிப் பேசினாள். “பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமே. யாரு உங்களைப் பாவம் பாத்து வரச் சொன்னா?”

அவன் முகம் சுருங்கியது. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மழை. அவன் விளையாடியதைப் பிளகின் குறித்து வைத்திருந்த கணக்கைத் திறந்தாள். பலகை வேலை: தொடங்கவில்லை. படகுக்காரரிடம் பேசியது: பதினொரு முறை.

பதினொரு முறையா?

தானே போய்ப் பேசிப் பார்த்தாள். படகுக்காரர் சொல்வதைக் காட்டும் எழுத்துப்பெட்டி வந்தது... நான்கே விநாடி. மறைந்தது. பிளகினோடு வந்த நேரம் அது. அவள் மாற்றவே இல்லை. அவளே எழுதிய வரி, அவளுக்குப் படிக்கவே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிக்கிற ஒருவனுக்கு...

செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

அவன் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பா அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நான் போய் மழை எவ்வளவு பெய்யுதுன்னு பாத்துட்டு வரேன்,” என்று கிளம்பிவிட்டார்.

“எழுத்து ஓடிடுதுன்னு ஏன் சொல்லல?”

அவன் தரையையே பார்த்தான். “இருபத்தெட்டு வயசுலதாங்க படிக்கக் கத்துக்கிட்டேன். பாதி எழுத்துக் கூட்டறதுக்குள்ள போயிடும். மறுபடி அவர்கிட்ட போவேன்... சொன்னா பாவம்னு பாப்பீங்க. உங்க கண்ணுல எனக்கு அது வேணாங்க.”

வெளியே மழை வலுத்தது.

“தப்பு என்னோடது. மாத்திடறேன். இனிமே நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் அது போகாது.”

“சாயங்காலம் நான் போயிடுவேனே.”

இப்போது சொல்லாவிட்டால், நாளை முதல் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

“மூணு நாளா... மத்தியானம் எப்ப வரும்னு உக்காந்திருந்தேன். கேமுக்காக இல்ல.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

“நானும் கேமுக்காக வரலைங்க...” துணியைக் கீழே வைத்தான். “அந்த ஊருல இருந்து பஸ்ல மூணு மணி நேரம். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வரட்டுங்களா?”

“வாங்க,” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “வரலேன்னா, நான் பஸ் ஏறிடுவேன்.”