ஸ்டீமா, பாயில்டா?

"நான் திருடியாம்! அதுவும் அரிசித் திருடி!"

வேலம்மாள் போட்ட சத்தத்தில் ஹரிஹரசுதனின் காபி சட்டையில் சிந்தியது. துப்பறியும் பிரான்சி மட்டும் அசையாமல் கேட்டார். சுதன் அவருடைய உதவியாளன், சரியான அவசரக்குடுக்கை.

வேலம்மாளுக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. "சோறு கூழாப் போச்சுங்க. டிரம்ல இருக்கறது பாயில்டு இல்ல, ஸ்டீம் அரிசின்னு நான்தான் சொன்னேன். ஸ்டோர் பாக்குற மார்ட்டின் பழியை என்மேலயே திருப்பிவிட்டார். மூட்டைமேல பாயில்டுன்னு போட்டிருந்துச்சாம், அவரே பிரிச்சுக் கொட்டினாராம், நான் வித்துட்டு மாத்திட்டேனாம். வார்டனம்மா பிள்ளைங்க முன்னாடி சாப்பாட்டு மேஜைல என் பையைக் கொட்டி, வேலையைவிட்டும் நிறுத்திட்டாங்க!"

"ஸ்டீம், பாயில்டு ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றான் சுதன்.

"இங்கிலீஷ்ல பக்கத்து வீட்டு வார்த்தை. மில்லுல வேற வேற. நெல்லை ஊறவெச்சு அவிச்சா பாயில்டு, வேக நேரமாகும். ஊறவெக்காம ஆவி மட்டும் காட்டினா ஸ்டீம், சீக்கிரம் குழைஞ்சிடும். மார்ட்டினுக்கு எந்த ஊர்?"

"மண்ணச்சநல்லூருங்க."

பிரான்சி சிரித்தார். "தெருவுக்குத் தெரு அரிசி மில் இருக்கற ஊராச்சே!"

மறுநாள் விடுதிச் சமையலறையில் வார்டன் அக்னஸ் முன்னிலையில் பிரான்சி இரண்டு தட்டு அரிசியை நீட்டி, எது ஸ்டீம், எது பாயில்டு என்று கேட்டார். மார்ட்டின் உதட்டைப் பிதுக்கினார். "அரிசின்னா அரிசி. எனக்கு வித்தியாசமெல்லாம் தெரியாதுங்க."

பச்சைப் பொய் என்று சுதனுக்கு ரத்தம் கொதித்தது. பிரான்சி கண்ணால் அடக்கினார். இரண்டையும் தனித்தனி அடுப்பில் ஏற்றி, "இன்னைக்கு எல்லாருக்கும் இதுதான் சாப்பாடு, உங்களுக்கும்" என்று மார்ட்டினிடம் சொல்லிவிட்டு, முக்கொம்பில் வெள்ளம் வந்த கதையை ஆரம்பித்தார். கதை நீண்டுகொண்டே போனது. வேலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இடது அடுப்பை அணைங்க, குழையுது!" மார்ட்டின் பாய்ந்து வந்தார். "வலது பக்கம் இன்னும் நேரமாகும்."



"வித்தியாசம் தெரிஞ்சவர் தன் கையாலயே மூட்டையைக் கொட்டியிருக்கார்" என்றார் பிரான்சி. "ஸ்டீமைப் பார்த்தும் வாய் திறக்கல. ஏன்? பாயில்டுன்னு பேர் போட்ட மட்டமான சரக்கை விலை கம்மின்னு வாங்கினதே அவர்தான். அதை மறைக்க ஒரு பொம்பளையத் திருடியாக்கிட்டார்."



"சரி வேலம்மாள், நாளையிலேருந்து வேலைக்கு வந்துடு" என்றார் அக்னஸ், ஏதோ சலுகை காட்டுவதுபோல.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் கூடத்துக்கு வரத் தொடங்கினார்கள். வேலம்மாள் தன் பையை எடுத்துப்போய், அன்று கொட்டிய அதே மேஜையில் வைத்தார்.

"வேலைய அப்புறம் பேசுவோம். கொட்டினது இங்கதானே? நீங்களும் மார்ட்டினும் வாங்க. பிள்ளைங்க முன்னாடி இங்க நின்னு, நான் திருடலன்னு சொல்லுங்க."