நிகர எடை

அந்த வாரம் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய சரக்கில் உப்பு நாற்பது கன்டெய்னர், முருங்கைப் பொடி பதினொரு கன்டெய்னர், பொறுமை ஒரு குப்பி. பொறுமை யாருடையது என்று பட்டியலில் இருக்காது. எந்த நாட்டுச் சரக்கு என்பது மட்டும் இருக்கும்.

பழக்கவடிப்பான் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒருவரிடம் ஊறிப்போன பழக்கம் ஒன்றை அது சொட்டுச் சொட்டாக வடித்துக் குப்பியில் சேர்த்துவிடும். வெளிநாட்டில் அதை வாங்கி இயந்திரங்களுக்குள் ஊற்றினார்கள். கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இயந்திரங்களுக்குப் பொறுத்திருக்கவோ கூச்சப்படவோ தெரியவில்லை. குப்பியைக் கம்பி வழியாக அனுப்ப முடியாது, விமானத்தின் உயரமும் அதற்கு ஆகாது. ஆகவே கப்பல். கப்பல் என்றால் தாள்கள். அந்தத் தாள்களைத் தயாரிக்கப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்தது.

ஜெபக்கனி அந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அவள் தாளில் பிழை இருக்காது, ஆனால் நேரத்துக்குள் முடிக்க மாட்டாள். எந்த எண்ணையும் மூன்று முறை பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் இடது கட்டைவிரல் சுண்டுவிரலின் ஒரு கணுவைத் தொடும். மூன்றாவது கணுவையும் தொட்ட பிறகும், தொட்டது மூன்றாவதுதானா என்று ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும்.

"ஏட்டி, நீ கப்பலுக்குத் தாள் எழுதுதியா, கப்பலே கட்டுதியா?" என்பாள் பக்கத்து இருக்கை பாக்கியசீலி. வகுப்பே சிரிக்கும். ஜெபக்கனியும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது வீட்டில்தான். அப்பா ஞானையாவுக்குச் சர்க்கரையில் பார்வை மங்கிவிட்டது. காலையில் இருபது யூனிட் இன்சுலின், இரவில் பன்னிரண்டு. போடுவது அவள்தான். ஒருநாள் இரவு இருபதை ஏற்றிவிட்டு, ஊசி தோலைத் தொடும்போது மூன்றாவது தடவையாகப் பார்த்த பிறகுதான் பிழை தெரிந்தது. அன்றிலிருந்து விரல் தானாகக் கணுவைத் தேடியது.

இது கடைசி வாய்ப்பு. சான்றிதழ் இருந்தால்தான் துறைமுகத்துக்குள் நுழைய அட்டை கிடைக்கும், கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் தருவதாகச் சொன்ன வேலையும் கிடைக்கும்.

தேர்வன்று ஆளுக்கொரு கோப்பு திரையில் வந்தது. உண்மையான சரக்கு, உண்மையான வாங்குபவர். பாக்கியசீலி பத்து நிமிடத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டு, ஜெபக்கனிக்குக் கண்ணடித்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்த பட்டை அறைக்குள் போனாள். தாள் முடித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் போனார்கள். செய்முறைத் தேர்வின் இரண்டாம் பகுதி என்று சொல்லியிருந்தார்கள்.

ஜெபக்கனி கோப்பைத் திறந்தாள்.

'சரக்கு விவரம்: சரிபார்க்கும் ஐயம். மூன்று சுற்று. இடது சுண்டுவிரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் வகை. மொத்த ஆர்டர், மீதம் வைக்காமல். மாதிரி அனுப்பிய நாள்: ஜூன் 4. மாதிரி ஏற்கப்பட்டது.'

இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது கட்டைவிரல் கடைசிக் கணுவில் அழுந்தியிருந்தது. அவள் கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

பையில் அவளுடைய நாட்குறிப்பு இருந்தது. ஜூன் 3, முதல்முறை பட்டை கட்டிய நாள், அறிமுக வகுப்பு. ஜூன் 4-இல் ஒரே வரி: 'இரவு ஊசி இரண்டு முறைதான் பார்த்தேன். ஏன்?' மூன்று நாள் கழித்து இன்னொரு வரி: 'இன்று மூன்று. சரியாகிவிட்டது.'

எந்த ஏற்றுமதியிலும் முதலில் மாதிரி போகும். பிடித்திருந்தால்தான் மொத்தம். முதல் வாரப் பாடமே அதுதான்.

அவள் எழுந்து தங்கச்சாமி சாரிடம் போனாள். பதினேழு வருடம் பாடம் நடத்தியவர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார்.

"சார், இது நான்."

"ஆமாம்மா. சரக்குக்குச் சொந்தக்காரங்கதான் கையெழுத்துப் போடணும், சட்டம் அப்படி. சேரும்போதே படிவத்துல ஏழாம் பக்கம் கேட்டியே, ஞாபகம் இல்லியா? நீ ஒருத்திதான் கேட்ட."

பழக்கத்தை வடித்தால் தனக்கு மிஞ்சுமா என்று கேட்டிருந்தாள். ரத்தம் கொடுக்கிற மாதிரி, இரண்டு நாளில் ஊறிவிடும் என்று அவர் சிரித்திருந்தார். தான்தான் தேவையில்லாமல் சந்தேகப்படுகிறோம் என்று நினைத்து அவளும் கையெழுத்திட்டிருந்தாள்.

"மாதிரி எடுத்தா ஊறும் சார். மீதம் வைக்காம எடுத்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சில பேருக்கு ஊறியிருக்கு. கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. வேண்டாம்னா போயிரு. பரீட்சை எழுதலன்னு போட்டுருவேன்."

கண்ணாடிக் கதவு திறந்து பாக்கியசீலி வெளியே வந்தாள். நெற்றியில் பட்டையின் தடம் சிவந்திருந்தது.

"என்னட்டி, உள்ள தலைக்கு எண்ணெய் தேச்சு விட்டாங்களா?" என்றாள் ஜெபக்கனி.

பாக்கியசீலி நின்று, சிரிக்காமல் அந்தக் கேள்வியை யோசித்தாள். "இல்லை. பட்டை மட்டும்தான் கட்டினாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஜெபக்கனி இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வழி தெரிந்தது. வகுப்பின் இயந்திரம் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும்தான் பார்க்கும். வாங்குபவரின் துறைமுகம் அப்படியல்ல. ஒரு எண் பிசகினாலும் அங்குள்ள இயந்திரங்கள் கேள்வி கேட்காமல் ஆர்டரையே ரத்து செய்துவிடும். ஆர்டர் ரத்தானால் பட்டை இல்லை, தாள் முடித்த மதிப்பெண் மட்டும் நிற்கும். தேர்ச்சிக்கு அதுவே போதும்.

கோப்பிலிருந்த எடைகளை இடம் மாற்றி, மொத்த எடை 18 கிராம் என்று எழுதினாள். நிகர எடை 81. குப்பியோடு சேர்த்து நிறுத்ததைவிட உள்ளிருக்கும் சரக்கு கனம். குழந்தைகூடக் கண்டுபிடிக்கும் பிழை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்தே ஒரு எண்ணைத் தவறாக எழுதினாள். கையெழுத்திட்டு அனுப்பினாள்.

நான்கு நிமிடத்தில் திரையில் பதில் வந்தது. ரத்து இல்லை.

'வணக்கம். மூன்று முறை பார்த்தேன். நிகர எடை மொத்த எடையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ என்னவோ. தொந்தரவுக்கு மன்னிக்கவும். ஒருமுறை சரிபார்த்துச் சொல்ல முடியுமா?'

ஜூன் மாதம் அவளிடமிருந்து எடுத்துப்போன மாதிரிக் குப்பி அங்கே, ஏதோ ஒரு துறைமுகத்தில், அவளுடைய தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு நிமிடம் போனது. மறுபடி வந்தது: 'மீண்டும் பார்த்தேன். என் தவறு என்றால் தயங்காமல் சொல்லுங்கள்.'

இன்னும் ஒரு நிமிடம். 'என் தவறாகத்தான் இருக்கும், இல்லையா?'

பதில் வராத அந்த நிமிடங்களுக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ இரவுகள் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் ஆளில்லாமல். ஒரே ஒருவர் 'சரியாத்தாம்மா பாத்திருக்க' என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பாள்.

'உங்கள் தவறு இல்லை' என்று தட்டினாள். 'நீங்கள் பார்த்ததுதான் சரி. நான்தான் மாற்றி எழுதிவிட்டேன்.' எண்களைத் திருத்தினாள்.

'நன்றி. ஏற்கப்பட்டது' என்றது திரை.

தங்கச்சாமி சார் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போனாள். பட்டை குளிர்ச்சியாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. ஞானையா சான்றிதழைக் கண்ணருகே வைத்து, எழுத்துத் தெரியாவிட்டாலும் முத்திரையின் மேட்டைத் தடவிப் பார்த்தார்.

"பாஸாயிட்டியே தாயீ! இந்தத் தடவ நேரத்துக்கு முடிச்சுட்டியாக்கும்."

"ஆமாப்பா."

அவள் இன்சுலினை எடுத்து, ஊசியில் ஏற்றி, பல்பு வெளிச்சத்தில் பிடித்தாள். ஞானையா சட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பார்வை மங்கிய பிறகு அவர் காதால்தான் எல்லாவற்றையும் பார்த்தார். தினமும் இந்த நேரத்தில் மகள் முணுமுணுப்பாக எண்ணை மூன்று தடவை சொல்வாள். அதற்காகக் காதைக் கொடுத்திருந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை. ஊசி இறங்கியது.

"கனி," என்றார். "இன்னைக்கு எண்ணலியே?"

"பாத்தேன்ப்பா."

"எத்தன தடவ?"

அவள் ஊசியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சிரித்தாள். அவ்வளவு லேசான சிரிப்பை அவர் அவளிடம் கேட்டதே இல்லை.

"ஒரு தடவ பாத்தாப் போதாதாப்பா?"