சுவரோரம் நிற்பவள்

அடையாறில் இருந்த அந்த ஆஸ்பத்திரிக்கு டெல்பின் நர்ஸ் வேலைக்கு வந்த அன்று நல்ல வெயில். சாந்தோமில் பஸ் ஏறும்போது வழிந்த வியர்வை, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தள்ளியதும் சில்லிட்டுப்போனது. உள்ளே ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாத வெள்ளை வெளிச்சம். வென்டிலேட்டர்கள் மட்டும் ஆட்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

ராஜகோபாலனை அவள் பொறுப்பில் விட்டார்கள். மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர். நரம்பு நோயில் கைகால் விழுந்துவிட்டன. கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருகியிருந்ததால் குரலும் இல்லை. புத்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. அசைக்க முடிந்தது கண்களை மட்டும்தான்.

பேச முடியாதவர்களைப் பேசவைப்பதில் டெல்பின் கெட்டிக்காரி. எழுத்துகளை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமையை மூடுவார். அப்படி அவர் முதலில் கேட்டது காபி.

"இன்னா சார், ஆசையப் பாரு! டாக்டர் என்னைத் தொரத்திடுவாரு."

அவர் கண்கள் சிரித்தன.

சாயங்காலம் அவர் மனைவி ஸஹானா வந்தாள். அவர் காபி கேட்டதை டெல்பின் அவளிடம் சொன்னாள். கட்டிலருகே உட்கார்ந்து அவளும் எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தாள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை.

"உன்கிட்ட காபி கேக்கறார். என்கிட்ட ஒரு எழுத்து பேச மாட்டேங்கறார்" என்றாள் ஸஹானா. அவள் டெல்பினைப் பார்த்த பார்வை சுட்டது.

"அப்படியெல்லாம் இல்லமா. களைப்பா இருப்பாரு."

ஸஹானா அவர் கையைப் பிடித்தாள். உடனே வென்டிலேட்டர் அலறியது. ஓடிவந்த டாக்டர் ஷரஃபுதீன், சளி அடைத்திருக்கும், உறிஞ்சி எடுங்கள் என்றார். டெல்பின் உறிஞ்சிப் பார்த்தாள். சளியே வரவில்லை. பயந்துபோய் ஸஹானா கையை எடுத்தாள்.

அலறல் நின்றது.

அவள் போனபின் டெல்பின் அவரிடம் குனிந்தாள். "ஏன் சார், அம்மாகூடப் பேச மாட்டேங்கறீங்க?"

எழுத்து எழுத்தாக வந்தது. அபயா பாக்கறா.

"யாரு சார் அபயா?"

முதல் மனைவி.

"எங்க கீறாங்க?"

அவர் கண்கள் மெல்ல இடது பக்கம் நகர்ந்தன. அங்கே வென்டிலேட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. பூனைகூட நுழைய முடியாத இடம்.

அங்கிருந்து வாசனை வந்தது. தலைக்குக் குளித்து, ஈரம் உலராத கூந்தலின் சீயக்காய் வாசனை.

மறுநாள் வெளித் தாழ்வாரத்தில் ஸஹானாவிடம் டெல்பின் நைஸாக விசாரித்தாள். அபயாம்பாள் இறந்து பல வருஷம் கழித்துத்தான் ராஜகோபாலன் ஸஹானாவைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

"செத்தவளோட போட்டி போட முடியுமா, சொல்லு" என்றாள் ஸஹானா. "ரசம் வெச்சா அபயா ரசம் மாதிரி இல்லைம்பார். தூக்கத்துல கூப்பிட்டாலும் அவ பேர்தான். ஆத்துல நான் இன்னும் விருந்தாளி. போகட்டும், இன்னிக்காவது என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

டெல்பினுக்கு மனசு கேட்கவில்லை. அவளைக் கட்டிலருகே அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"உங்க பேரத்தான் சொன்னாருமா. ரெண்டு தடவ."

ஸஹானாவின் முகம் பூத்தது.

வென்டிலேட்டர் அலறியது.

இந்த முறை டெல்பின் கண்ணால் பார்த்தாள். பளபளப்பான பிளாஸ்டிக் குழாய், யாரோ இரண்டு விரலால் நசுக்கியதுபோல் தட்டையாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. சீயக்காய் வாசனை மூக்கை அடைத்தது. வென்டிலேட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தும் காற்றுப் பையை அவர் கழுத்தில் மாட்டி அழுத்தினாள். பை கல்லாக இறுகியிருந்தது. காற்று இறங்கவில்லை. அவர் உதடு நீலமாகியது.

அவர் கண்கள் அவளையே பார்த்தன. அது அவர் பார்வை இல்லை.

பையை அழுத்திக்கொண்டே டெல்பின் எழுத்துகளைச் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே இமைகள் வெடுக்கென்று மூடின.

பொய்.

அடுத்த சொற்களும் வந்தன.

பேச்சு எனக்கு.

"என்ன சொல்றார்? யாரு அது?" ஸஹானா டெல்பினின் தோளை உலுக்கினாள்.

"அவரு இல்லமா. அபயாம்மா. அந்தச் செவுரு சந்துல நிக்கறாங்க. நான் பொய் சொன்னேன். அவரு உங்க பேரச் சொல்லல. அவரு பேச்சு தனக்குத்தான்னு சொல்றாங்க." டெல்பின் அழுதுவிட்டாள்.

 ஸஹானா அந்தச் சந்துப் பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசினாள்.

"அவர் பேச்சு உங்களுக்குத்தான் வேணும்னா எடுத்துக்கோங்கோ. எனக்கு ஒரு வார்த்தைகூட வேண்டாம். மூச்சை மட்டும் எனக்கு விட்டுடுங்கோ."

பை இளகியது.

அவர் மார்பு ஏறி இறங்கியது.

அதன்பிறகு ராஜகோபாலன் வேகமாகத் தேறினார். கைகாலுக்கு அசைவு திரும்பியது. குழாயை எடுத்தார்கள், துளை மூடிக்கொண்டது. குரல்நாண்களில் குறையே இல்லை என்றார் ஷரஃபுதீன். ஆனால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனார்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஸஹானா டெல்பினைத் தேடி வந்தாள். இளைத்திருந்தாள். கேன்டீன் மூலையில் உட்கார்ந்ததும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"பேசறார். மத்தியானம் சாப்பிட்டுட்டு அபயா இருந்த ரூம் கதவைச் சாத்திண்டு பேசறார். நான் வாசல்ல நின்னு கேட்டுண்டிருக்கேன். என்கூட இருந்த இத்தனை வருஷத்துல அப்படி ஒரு தடவை சிரிச்சதில்லை, டெல்பின். வயிறு எரியறது."

"நீங்க அவரு உயிரக் காப்பாத்தினீங்கமா."

"ஆமா. அவளுக்காக."

அவள் கைபேசியை மேசைமேல் வைத்தாள். அறைக் கதவருகே நின்று பதிவு செய்ததாம். டெல்பின் குனிந்து கேட்டாள். ராஜகோபாலனின் குரல், கனிந்து, குழைந்து, ஏதோ சொல்லிச் சிரித்தது. பிறகு அமைதி. மழைச் சத்தம்.

அதன்மேல் ஒரு பெண்ணின் குரல். அறைக்குள்ளிருந்து அல்ல. கைபேசிக்கு மிக அருகில், ஸஹானா நின்ற பக்கத்திலிருந்து.

"கேட்டாச்சோன்னோ? போ."