பயில்வானின் கால் எலும்பு

காலையில் இயந்திரத்தை நிறுத்திக் கூண்டைத் திறந்த டாக்டரம்மா அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கோழி இருந்தது. ஆனால் அது பயில்வான் இல்லை.

டாக்டரம்மா எலும்பு ஆராய்ச்சி செய்பவர். ராட்டினம் மாதிரி கூண்டைச் சுற்றி, உள்ளிருக்கும் உயிரின் எடையை இரண்டு மடங்காக்கும் இயந்திரம் அது. குஞ்சாக ஏறிய பயில்வான் அந்தப் பாரத்தோடே நின்று, நடந்து, தின்று வளர்ந்தது. மறுநாள் அதன் எலும்பை அளப்பதாக இருந்தது. இப்போது கிடைத்த கோழியோ தரையோடு தரையாக அப்பிக் கிடந்தது. இயந்திரம் நின்றபிறகும் எழுந்திருக்க அதற்கு மனமில்லை.

கோழித் திருட்டுக்கெல்லாம் கூப்பிடுகிறார்களே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த பெண் இன்ஸ்பெக்டர், கோழியின் காலைத் தூக்கிப் பார்த்ததும் குரலைத் தணித்தார். எண் பொறித்த வளையம் தொளதொளவென்று ஆடியது.

“வளையம் யாரோடது?”

“பயில்வானோடது மேடம். அதுக்குப் பிடிப்பா இருந்துச்சு. பாரம் தாங்கித் தாங்கி அதோட கால் எலும்பு தடிமனாயிடுச்சு.”

பூட்டு உடையவில்லை. டாக்டரம்மாவைத் தவிர சாவி இருந்தது இரண்டே பேரிடம்: இயந்திரத்தைப் பராமரிக்கும் மெக்கானிக், ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

மெக்கானிக்கின் கையெல்லாம் கீறல். வீட்டுப் பூனையைக் குளிப்பாட்டியதாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

இயக்குநர் மாடியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். நேற்று ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகவில்லை என்றார். மெக்கானிக்கின் கையைப் பார்க்கும்படி இரண்டு முறை சொன்னார். நடுவில், காபியில் ஊறவைத்த பிஸ்கட்டை வலது பக்கமாகவே ஒதுக்கி ஒதுக்கி மென்றார்.

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

“சாதாரணக் கோழிக்காலைக் கடிச்சா?”

“எலும்பு நொறுங்கும்.”

“பயில்வான் காலைக் கடிச்சா?”

டாக்டரம்மா யோசித்தார். “யாரும் கடிச்சுப் பாக்கலையே மேடம்.”

“ஒருத்தர் பாத்திருக்காரு. சார், வாயைத் திறங்க.”

இடது கடைவாய்ப் பல் பாதிதான் இருந்தது.

பூனை கீறினால் கை கெடும், பல் கெடாது என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். பழக்கத்தில் சாதாரண எலும்பைப் போலக் கடித்தவருக்குத்தான் பல் போகும். வளையத்தை மாற்றத் தெரிந்தவருக்கு, அது புதுக்கோழியின் காலில் தொளதொளக்கும் என்று தோன்றவில்லை. இயக்குநர் வீட்டுக்குப் போன கான்ஸ்டபிள் எலும்புகளோடு ஒரு சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இயக்குநர் ஒப்புக்கொண்டார். பல மாதமாக மூட்டுவலி. இத்தனை பலமான எலும்பை வேகவைத்துச் சாறு குடித்தால் தன் முழங்காலும் பலமாகிவிடும் என்று நம்பியிருந்தார். கடைசியில் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையையும் விட மனமில்லாமல் கடித்துவிட்டார்.

டாக்டரம்மா அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ சட்டியிலிருந்து கால் எலும்பை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்த எலும்பின் பலத்தை இனி அளக்க முடியாது. தடிமனையாவது அளக்கலாம். பல் பட்ட இடத்தில் லேசான கோடுதான் இருந்தது.

ஜீப்பில் ஏறுமுன் இயக்குநர் தயங்கினார். “டாக்டர், உண்மையைச் சொல்லுங்க. என் முழங்கால் தேறுமா?”

“பயில்வானுக்கு எலும்பு பலமானது தின்னதால இல்ல சார். பாரத்தோட நின்னதால.”

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்துவிட்டார். “கவலைப்படாதீங்க சார். எங்க ஸ்டேஷன்ல உக்கார நாற்காலியே கிடையாது.”